காப்பியில் வாடை வந்தால் காரணத்தை எங்கே தேடுவது: கோப்பையிலிருந்து செடிவரை பின்னோக்கி ஒரு நடை

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கம் நான்கைந்து ஏக்கர் அரபிகா வைத்துக்கொண்டு, பறிப்பு, பல்ப்பர் (பழத்தின் தோலை உரிக்கும் எந்திரம்), காயவைக்கும் களம் எல்லாவற்றையும் வீட்டு ஆட்களே பார்க்கிற குடும்பங்கள் இப்போது ஸ்பெஷாலிட்டி காப்பிக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஏற்காட்டிலும் அப்படித்தான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உள்ளூர் வியாபாரியிடம் பார்ச்மென்ட்டை, அதாவது ஓட்டோடு காய்ந்த கொட்டையை, மூட்டையாகப் போட்டால் கையில் அள்ளிப் பார்த்து ஒரு விலை சொல்வார், அதோடு முடிந்தது. ஸ்பெஷாலிட்டியில் அப்படியில்லை, சாம்பிளை வறுத்து, அரைத்து, ஐந்து கோப்பையில் வெந்நீர் ஊற்றி, ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்த்து, 100-க்கு 80 தேறினால்தான் மேற்கொண்டு பேச்சு.

இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், தப்பு நடப்பது டிசம்பரில், அது தெரிய வருவது மார்ச்சில். வாங்குகிறவர் போன் செய்து "வினிகர் அடிக்குதுங்க" என்று சொல்லும்போது அந்தப் பழம் எந்தப் பகுதியில் பறித்தது, தொட்டியில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால் எந்தக் குறையைத் தேடுவதற்கும் முன்னால் ஒரு பழக்கம் வேண்டும்: ஒவ்வொரு நாள் பறிப்புக்கும் ஒரு சீட்டு. பறித்த தேதி, தோட்டத்தில் எந்தப் பகுதி, என்ன ரகம், பல்ப்பரில் போட்ட நேரம், கழுவிய நேரம், களத்தில் போட்ட நாள், அள்ளிய நாள், அள்ளும்போது ஈரம் எவ்வளவு. அதை மூட்டைக்குள் ஒன்று, நோட்டில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு நாள் பழத்தை இன்னொரு நாள் பழத்தோடு கலக்காதீர்கள். சீட்டு இல்லாவிட்டால் கீழே சொல்லும் எதுவும் உதவாது, எல்லாம் ஊகம்தான்.

சரி, இனி அறிகுறிகள். கோப்பையில் தொடங்கிச் செடிக்குப் போகிறேன், ஏனென்றால் கெட்ட செய்தி நமக்கு அந்த வரிசையில்தான் வருகிறது.

வினிகர் புளிப்பு, அழுகிய பழ வாடை, வெங்காய வாடை

முதலில் வாங்குகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஐந்து கோப்பையிலும் இருந்ததா, ஒன்றில் மட்டுமா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஐந்திலும் இருந்தால் அந்தத் தொட்டி முழுக்கப் புளித்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். தோல் உரித்த கொட்டையில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பான பிசின் புளித்துக் கழன்றுவர அதைத் தொட்டியில் போட்டு வைக்கிறோம், அதற்கு வழிகாட்டிகளில் அரபிகாவுக்கு 24 முதல் 36 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், அது தப்பில்லை, ஆனால் மணிக்கணக்கை மட்டும் நம்பித் தொட்டியை விட்டுவிடக் கூடாது. மலை உச்சிப் பகுதியில் டிசம்பர் ராத்திரி குளிரில் அதற்கு மேலும் ஆகும், அதே வாரத்தில் மேகம் மூடிப் புழுக்கமாக இருந்தால் முன்னதாகவே முடிந்துவிடும். கையைத்தான் நம்ப வேண்டும். தொட்டியின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து, தண்ணீரில் அலசிக்கொண்டே உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். வழுவழுப்பு இன்னும் இருந்தால் விரலிடுக்கில் நழுவி ஓடும். முடிந்திருந்தால் சரளைக்கல்லைத் தேய்த்த மாதிரி கரகரவென்று சத்தம் வரும், நடுக்கோட்டுப் பள்ளத்தில்கூடப் பிசின் ஒட்டியிருக்காது. மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி என்று மூன்று இடத்திலும் பாருங்கள், தொட்டி ஆழமாக இருந்தால் மூன்றும் ஒன்றுபோல் இருக்காது. கரகரப்பு வந்துவிட்டால் அப்போதே கழுவ வேண்டும், ராத்திரி இரண்டு மணியானாலும் சரி. "காலையில் ஆள் வரட்டும், கழுவிக்கொள்ளலாம்" என்று விட்ட அந்த நாலைந்து மணி நேரம்தான் பெரும்பாலான வினிகர் லாட்டுகளுக்கு (லாட் என்றால் சேர்த்துப் பதனிட்ட ஒரு தொகுதி) காரணம். புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டர் வைத்திருப்பவர்கள் 4.5-ஐ நெருங்கும்போது தொட்டியை விட்டு நகராமல் இருந்தால் போதும்.

தொட்டிக்கு வரும் முன்பே புளிப்பு ஆரம்பித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பறித்த பழத்தைச் சாக்கில் கட்டி ராத்திரி முழுக்க வைத்துவிட்டு மறுநாள் பல்ப்பரில் போடுவது. சாக்கின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். அந்தச் சூட்டுக்குப் பிறகு தொட்டியில் என்ன கவனமாக இருந்தும் பயனில்லை. அன்றன்று பறித்தது அன்றன்றே பல்ப்பருக்குப் போக வேண்டும், முடியாத நாளில் அந்தப் பழத்தைத் தனியாக வைத்துச் சாதாரண லாட்டில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு கோப்பையில் மட்டும் வாடை என்றால் கதையே வேறு. உங்கள் தொட்டி நன்றாகத்தான் இருந்திருக்கிறது, எங்கிருந்தோ அழுகிய கொட்டை நாலைந்து உள்ளே வந்திருக்கிறது. இதைத் தரம் பார்க்கிறவர்கள் ஸ்டிங்கர் என்பார்கள். ஒரே ஒரு கொட்டை போதும், அந்தக் கோப்பை முழுக்க நாறிவிடும். இது ஒளிந்திருக்கும் இடங்கள் மூன்று: பல்ப்பரின் உருளைக்கு அடியில், தொட்டியின் மூலையில், கழுவும் வாய்க்காலின் வெடிப்பில். முந்தின நாள் சிக்கிக்கொண்ட கொட்டை அங்கேயே அழுகிக் கிடந்து, மறுநாள் தண்ணீரோடு நல்ல கொட்டையில் கலந்துவிடும். தினமும் வேலை முடிந்ததும் பல்ப்பரைத் திறந்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். சிமென்ட் தொட்டியில் வெடிப்பு இருந்தால் சீசனுக்கு முன்னாலேயே பூசிவிடுங்கள்.

அப்புறம் பல்ப்பர் வெட்டுக் கொட்டை. ஈர பார்ச்மென்ட்டை ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள், ஓடு கிழிந்து உள்ளே கொட்டை நசுங்கியோ கீறியோ இருக்கிறதா? உருளைக்கும் எதிர்ப் பலகைக்கும் உள்ள இடைவெளி குறைவு என்று அர்த்தம். காயம்பட்ட இடத்தில் புளிப்பு உள்ளே இறங்கி, காய்ந்த பிறகு கறுத்துத் தெரியும். மழை தவறிய வருடத்தில் பழம் சிறுத்துவிடும், நல்ல மழை வருடத்தில் பெருக்கும், ஒரே தோட்டத்திலேயே முதல் பறிப்புப் பழமும் கடைசிப் பறிப்புப் பழமும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதனால் சீசன் தொடக்கத்தில் ஒரு தடவை டைட் வைத்துவிட்டு அப்படியே விடாமல், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பழத்தை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

மண் வாடை, பூஞ்சை வாடை, ஈரச் சாக்கு வாடை

நம் பக்கத்து மலைகளுக்கு என்றே அமைந்த தொல்லை இது. சிக்மகளூரிலும் குடகிலும் அறுவடை நேரத்தில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வெயில் அடிக்கும், கர்நாடகத்துக்காரர் களத்தில் கொட்டிக் கிளறிவிட்டால் காய்ந்துவிடும். நமக்கோ நவம்பர், டிசம்பரில் பழம் சிவக்கும்போதுதான் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது, மழை இல்லாத நாளில் மேகம் வந்து களத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. அவர்கள் முறையை அப்படியே இங்கே செய்தால் பூஞ்சை வருவது நிச்சயம்.

கோப்பையில் மண் வாடை வந்த லாட்டின் சீட்டை எடுத்து, களத்தில் போட்ட முதல் மூன்று நாள் வானிலை எப்படி இருந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும். கழுவி வந்த பார்ச்மென்ட்டில் ஓட்டுக்கு வெளியே ஒட்டியிருக்கும் நீரை முதல் நாளிலேயே வடியவிட வேண்டும், அது தங்கிவிட்டால்தான் பூஞ்சை பிடிக்கும். அதற்குச் சிமென்ட் களத்தைவிடக் கம்பி வலையோ நைலான் வலையோ அடித்த கட்டில்தான் நல்லது, அடியிலிருந்தும் காற்று வரும். அதன் மேலே வளைவாகக் குழாய் போட்டு, பாலித்தீன் கூரை போட்டுவிட்டால் மழைக்கு ஓட வேண்டாம், ஆனால் இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். மூடி வைத்தால் உள்ளே ஆவி நின்று, கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கொட்டையின் மேலேயே விழும். முதல் நாள் மெல்லிய பரப்பு, ஒரு கொட்டைக்கு மேல் இன்னொன்று அதிகம் ஏறாமல். ஓடு வெளுத்து உலர்ந்த பிறகுதான் கனத்தைக் கூட்டலாம். பகலில் மணிக்கு ஒரு தடவையாவது கிளற வேண்டும்.

சாயங்காலம் மூடுவதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வெயிலில் சூடேறிய கொட்டையின் மேல் தார்ப்பாயை அப்படியே போர்த்தினால் உள்ளே வியர்த்துவிடும், காலையில் தார்ப்பாயைத் தூக்கும்போதே தெரியும், கீழ்ப்பக்கம் முழுக்கத் துளித்துளியாக நீர். கொட்டை ஆறிய பிறகு மூடுங்கள், துணியோ சாக்கோ முதலில் போட்டு அதற்கு மேல் தார்ப்பாய். பாதி காய்ந்ததை மழை நனைத்துவிட்டால் அந்தப் பகுதியைப் பிரித்து எடுத்துவிடுங்கள். மறுபடி காயவைத்தால் பார்வைக்குச் சரியாகிவிடும், ஆனால் உமி நீக்கிய பிறகு கொட்டை திட்டுத்திட்டாக, ஒரு பக்கம் வெளுத்து ஒரு பக்கம் பச்சையாகத் தெரியும், கோப்பையிலும் அது மறையாது.

பழத்தோடு காயவைக்கும் நேச்சுரல் முறையைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மழையில், கூரை போட்ட கட்டில் இல்லாமல், அதைத் தொடாதீர்கள். நல்ல விலை கிடைக்கிறது என்பது உண்மை, ஆனால் பழம் காய இரண்டு மூன்று வாரம் ஆகும், அத்தனை நாளும் சதை அப்படியே இருக்கிறது, நாலு நாள் மூடுபனி நின்றால் மொத்தமும் போச்சு. ஜனவரி கடைசியில் வானம் தெளிந்த பிறகு பறிக்கும் சுற்றில் கொஞ்சமாகச் செய்து பாருங்கள். பூஞ்சை என்பது வாடையோடு நிற்பதும் இல்லை, சில வகைப் பூஞ்சைகள் காப்பியில் ஓக்ராடாக்சின் என்ற நஞ்சை விடும், ஏற்றுமதிக்குப் போனால் அதைச் சோதித்துத் திருப்பி அனுப்புவார்கள். குடிக்கிறவர் உடம்புக்கும் கெடுதல்.

ஓடு வெடிக்கிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். வானம் வெளுத்த சந்தோஷத்தில் ஈரக் கொட்டையை மதிய வெயிலில் மெல்லிசாகப் பரப்பிவிட்டால் ஓடு சீக்கிரம் சுருங்கி, உள்ளே கொட்டை சுருங்காமல், படக்கென்று விரிந்துவிடும். வெடித்த ஓட்டுக்குள் இருக்கும் கொட்டை சீக்கிரமே பழசாகும். பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை நிழல் வலை போடுங்கள், அல்லது அந்த நேரத்துக்கு வரப்பு மாதிரி குவித்து வையுங்கள்.

பச்சை வாடை, வறுத்த நிலக்கடலை வாடை, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு

வறுத்த சாம்பிளை ஒரு தட்டில் கொட்டிப் பாருங்கள். மற்றதெல்லாம் நிறம் ஏறியிருக்க, அங்கங்கே சில கொட்டை மட்டும் வெளிறி, மஞ்சளாகக் கிடக்கிறதா? அதைக் குவேக்கர் என்பார்கள், பழுக்காத காயிலிருந்து வந்தது. உள்ளே சர்க்கரை சேராததால் வறுத்தாலும் நிறம் ஏறாது. வாயில் போட்டுக் கடித்தால் நிலக்கடலைத் தோல் மாதிரி இருக்கும்.

பழத்தைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பச்சைக் காய் கனமானது, நல்ல பழத்தோடு அடியிலேயே தங்கிவிடும். அதைக் கண்ணால் பார்த்துக் கையால் பொறுக்குவதுதான் வழி, பல்ப்பர் சரியாக வைத்திருந்தால் உரிபடாமல் முழுசாக வெளியே வரும் காயைச் சல்லடையிலும் பிடிக்கலாம்.

இதன் வேர் கூலியில் இருக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, சிவந்ததை மட்டும் பறி என்று சொன்னால் எந்த அக்கா கேட்பார்? சிவந்ததை மட்டும் தேடினால் அவர் கூடை நிரம்பாது, சாயங்காலம் கைக்கு வரும் பணம் குறையும். நாள் கூலியாகக் கொடுங்கள், அல்லது பச்சை இல்லாத கூடைக்குக் கிலோவுக்கு மேலே ஒரு தொகை சேர்த்துக் கொடுங்கள். பறிக்கிறவருக்கு நட்டம் வைத்துவிட்டு நல்ல காப்பி எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை, நடக்கிற காரியமும் இல்லை. பூ மழை ஒரே தடவையில் நன்றாகப் பெய்யாமல் மார்ச், ஏப்ரலில் துண்டு துண்டாகப் பெய்திருந்தால் பூ பல தடவையாக வரும், பழமும் அப்படியே ஒரே கொப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் சேர்ந்து நிற்கும். அந்த வருடம் பறிப்புச் சுற்று கூடும் என்று கூலிக் கணக்கை முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

மர வாடை, சப்பென்று இருப்பது, கொட்டை வெளுப்பது

சாம்பிள் நன்றாக இருந்து, இரண்டு மூன்று மாதம் கழித்து அனுப்பிய மூட்டை சப்பென்று இருந்தால் பதனிடுவதில் குறை இல்லை, இருப்பு வைத்ததில்தான். மூட்டையில் ஈரத்தை அளந்து பாருங்கள், 10-க்கும் 12 சதவீதத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். கூடியிருந்தால் அறையில் ஈரம் இழுத்திருக்கிறது. பல்லால் கடித்துப் பார்க்கும் பழைய வழக்கம் தோராயத்துக்குத்தான் உதவும், மீட்டர் ஒன்று வாங்குங்கள், தனியாக முடியாவிட்டால் நாலு தோட்டம் சேர்ந்தாவது வாங்குங்கள். மூட்டையைத் தரையில் போடாமல் மரப்பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். உரம், பூச்சிமருந்து, மண்ணெண்ணெய், மிளகு எதையும் அதே அறையில் வைக்கக் கூடாது, காப்பி எல்லா வாடையையும் இழுத்துக்கொள்ளும். விற்கும்வரை ஓட்டோடேயே வைத்து, அனுப்பும் நேரத்தில் உமி நீக்குங்கள். திண்டுக்கல்லிலோ வத்தலக்குண்டிலோ உறவுக்காரர் வீட்டு மாடியில் இறக்கி வைப்பது வேண்டாம், அந்தச் சூட்டில் காப்பி சீக்கிரம் கிழடு தட்டும். மலைக் குளிர்ச்சியே அதற்கு நல்ல கிடங்கு.

தண்ணீரில் மிதக்கும் பழம் வழக்கத்தைவிட அதிகம்

மிதக்கும் பழத்தில் ஒரு கை எடுத்து, காம்புக்கு எதிர்ப்பக்கம் தொப்புள் மாதிரி இருக்கும் இடத்தைப் பாருங்கள். குண்டூசி குத்தின அளவுக்கு ஓட்டை இருந்தால் காய்த் துளைப்பான் என்ற வண்டு. 1990-ல் நீலகிரி மாவட்டம் கூடலூரில்தான் இந்தியாவில் முதலில் தென்பட்டது, இப்போது எல்லா மலையிலும் இருக்கிறது. மருந்தைவிடச் சுத்தமான அறுவடைதான் இதற்குப் பெரிய வைத்தியம்: சீசன் முடிந்ததும் செடியில் ஒட்டியிருக்கும் கடைசிக் காயையும் தரையில் உதிர்ந்ததையும் பொறுக்கிவிட வேண்டும், வண்டு அடுத்த பயிர்வரை அதில்தான் குடியிருக்கும். பறிக்கும்போது செடிக்கு அடியில் பாய் விரித்தால் உதிர்வதே குறையும். ஓட்டை விழுந்த பழத்தைக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி எடுத்துத் தனியாகக் காயவையுங்கள், குப்பையில் கொட்டினால் வண்டு திரும்பத் தோட்டத்துக்கே வந்துவிடும். ஓட்டை இல்லாமல் மிதந்தால் வறட்சியோ, தாங்க முடியாத அளவுக்குக் காய்த்துச் செடி களைத்துப்போனதோ காரணம், கவாத்தையும் உரத்தையும் கவனியுங்கள்.

இலைக்கு அடியில் ஆரஞ்சுத் தூள்

இலைத் துரு நோய். 1869-ல் இலங்கையில் தலைகாட்டி, அந்த நாட்டுக் காப்பித் தோட்டங்களையே அழித்துத் தேயிலைக்கு மாற வைத்த அதே நோய். கர்நாடகத்தின் பாலேஹொன்னூர் காப்பி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எஸ்.795 என்ற அரபிகா ரகம் ஒரு காலத்தில் நன்றாகத் தாக்குப்பிடித்தது, இப்போது அதற்கும் வருகிறது, ஆனாலும் அதன் சுவைக்காக நான் அதை விடச் சொல்லமாட்டேன். இலை உதிர்ந்தால் பழம் முழுசாகப் பழுக்கச் சத்து கிடைக்காது, கோப்பையில் வெறுமையாகத் தெரியும். மழைக்கு முன்னால் அரை சதவீத போர்டோ கலவை அடியுங்கள்: 200 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மயில்துத்தம், அதைச் சுண்ணாம்புப் பாலில் கலந்து, பளபளப்பான இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள், இல்லாவிட்டால் இலை கருகும். பிளாஸ்டிக் டிரம்மில்தான் கலக்க வேண்டும், அன்றே அடித்து முடித்துவிட வேண்டும், அடிப்பது இலையின் அடிப்பக்கம் படுமாறு.

ஒரு செடி மட்டும் மஞ்சளாகி வாடுகிறது

பக்கத்துச் செடியெல்லாம் பச்சையாக இருக்க ஒன்று மட்டும் வாடினால் தண்ணீரோ உரமோ போட ஓடாதீர்கள். முதலில் தண்டைத் தடவிப் பாருங்கள். உள்ளங்கையை மேலிருந்து கீழாக அழுத்தி இழுத்தால், பட்டைக்கு அடியில் வரப்பு மாதிரி வளைந்து மேடு தட்டும். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் புழு உள்ளே சுற்றிப் போன தடம் அது. பட்டையைச் சீவினால் மரத்தூளால் இறுக்கி அடைத்த பாதை தெரியும். அவ்வளவு இறுக்கமாக அடைத்திருப்பதால் மருந்து உள்ளே போகாது, புழு போன செடியைக் காப்பாற்ற வழி இல்லை. சின்னச் செடி ஒரே வருடத்தில் போய்விடும், வயதான செடி சில வருடம் காய்த்துக்கொண்டே இருக்கும், அந்தக் காயெல்லாம் மிதவைதான், அதற்குள் அதிலிருந்து வெளிவரும் வண்டு சுற்றிலும் உள்ளதைப் பிடித்துவிடும்.

வண்டு வெளியே வருவது ஏப்ரல், மேயிலும் பிறகு அக்டோபரிலிருந்து டிசம்பர்வரையிலும். அதனால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் தோட்டம் முழுக்கத் தண்டு தடவுகிற வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெயிலும் வெளிச்சமும் பிடிக்கும், தளர்ந்த பட்டையின் வெடிப்பில் முட்டையிடும். சில்வர் ஓக்கை விலைக்கு வெட்டிவிட்டு நிழலைத் திறந்துவிட்ட பகுதிகளில்தான் இது முதலில் பரவுவதைப் பார்க்கிறேன், மர வியாபாரி வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல செடிகளின் தண்டிலும் கனத்த கிளைகளிலும் உள்ள தளர்ந்த பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்து, சுண்ணாம்புக் கரைசலைப் பூசுங்கள். தேய்க்கும்போது பச்சைப் பட்டையைக் காயப்படுத்தக் கூடாது. மேடு தட்டிய செடியைத் தூரோடு பிடுங்கி அன்றே எரித்துவிடுங்கள், விறகுக்கு ஆகும் என்று வீட்டுப் பக்கம் அடுக்கி வைத்தால் காய்ந்த தண்டுக்குள்ளிருந்தும் வண்டு வெளியே வரும். பிடுங்கிய குழி மழைவரை ஆறட்டும், ஜூனில் அந்த இடத்துக்குப் புது நாற்று வையுங்கள், கூடவே ஒரு முள்முருங்கைக் கம்பையும் ஊன்றிவிடுங்கள், நிழலுக்கு.